கிளவுட் சேவைச் சந்தை அமைக்க ஈயோஸ்க் நிரலா, வால்டூரா?

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினி மையத்தில், ஆய்வாளர்கள் தங்களுக்குத் தேவையான மெய்நிகர் கணினி, சேமிப்பிடம், கணினி இயங்கும் நேரம் ஆகியவற்றைத் தாமே பார்த்துத் தேர்ந்து விண்ணப்பிப்பதற்கான சந்தைத் தளத்தை நிறுவும் பொறுப்பு எங்கள் குழுவிடம் வந்தது. திறமூல மென்பொருளாக இருக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. கடைசியில் இரண்டு பெயர்கள் எஞ்சின. ஒன்று, போலந்தின் கிராக்குஃப் நகரிலுள்ள சைஃப்ரோநெட் மையத்தினர் ‘ஐரோப்பியத் திறந்த அறிவியல் மேகம்’ எனப்படும் ஈயோஸ்க் திட்டத்துக்காக உருவாக்கிய சந்தைச் செயலி. 2018 நவம்பரில் திறக்கப்பட்ட ஈயோஸ்க் இணையவாசலில் இயங்கியது இதுவே. மற்றொன்று, எஸ்தோனியாவின் ஓப்பன்நோட் நிறுவனம் வளர்த்துவரும் வால்டூர். நாங்கள் வால்டூரைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

ஸ்பாட்டிஃபை 2020இல் வெளியிட்ட பேக்ஸ்டேஜைப் பலர் பரிந்துரைத்தனர். அது மென்பொருள் உருவாக்குநர்களுக்கான உள்வாசல். விண்ணப்பம், ஒப்புதல், ஒதுக்கீடு, கட்டணம் என்ற சங்கிலி அதில் இயல்பாக இல்லை என்பதால் அதைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டோம்.

இரண்டிலும் சேவைப் பட்டியல், வகைப்பாடு, தேடல், ஒற்றை உள்நுழைவு ஆகியவை உள்ளன. உரிமத்தில் ஈயோஸ்க் செயலி, திருத்தி வெளியிடுவோர் தம் நிரலையும் திறக்கக் கோரும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பையும், வால்டூர் கட்டுப்பாடு குறைந்த எம்ஐடியையும் சார்ந்தவை. பல்கலைக்கழகத்துக்குள் பயன்படுத்துவோருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தடுக்காது. பட்டியலை அழகாகக் காட்டுவதில் ஈயோஸ்க் செயலியே மேல். அறிவியல் துறை வாரியான வடிகட்டலும் சேவை வழங்குநருக்கான தனிப் பக்கமும் அதில் நிறைவாக அமைந்திருக்கின்றன. வால்டூரின் முகப்பு நெரிசலானது. அமைப்பு, திட்டம், சேவை, கட்டணத் திட்டம், கூறு, வளம் என்ற அடுக்குகளைப் புரிந்துகொள்ளும் வரை புதியவர்கள் தடுமாறவே செய்வார்கள்.

நிறுவுதலைப் பொறுத்தவரை, ஈயோஸ்க் செயலி ரூபி மொழியின் வலைச் சட்டகமான ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பின்னணி வேலைகளுக்கு ரெடிஸும் சைட்கிக்கும், தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச், படங்களைச் சுருக்க இமேஜ்மேஜிக், முகப்புக் கோப்புகளைத் தொகுக்க நோடும் யார்னும் என எல்லாம் தயாராக இருந்தால், உடன் வரும் அமைவு ஸ்கிரிப்ட் மாதிரித் தரவு வரை ஏற்றிக் கொடுத்துவிடுகிறது. மடிக்கணினியில் இயக்கிப் பார்க்க இது போதும். உள்நுழைவு, ஐரோப்பிய ஆய்வுக் கணினிக் கூட்டமைப்பான ஈஜிஐயின் செக்-இன் சேவையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருப்பதால், சொந்த உள்நுழைவு மென்பொருளான கீக்ளோக்குடன் இணைக்கச் சற்று வேலை உண்டு. வால்டூரில், மென்பொருள்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களாக (பொதிகளாக) ஒருசேர இயக்கும் டாக்கர் கம்போஸுக்கான களஞ்சியத்தை இறக்கி, சூழல் கோப்பை நிரப்பி இயக்கினால், பைத்தான் மொழியின் ஜாங்கோ சட்டகத்தில் எழுதப்பட்ட பின்தளமான மாஸ்டர்மைண்டும், முகப்பான ஹோம்போர்ட்டும், பின்னணி வேலைகளைச் செய்யும் செலரி வேலையாட்களும், அவற்றுக்குச் செய்தி கொண்டுசேர்க்கும் ராபிட்எம்க்யூவும் வரிசையாக எழுகின்றன. பிறகு கட்டளை வரியில் நிர்வாகக் கணக்கு ஒன்றைப் படைத்து, மெய்நிகர் கணினி, சேமிப்பிடம் போன்ற வகைகளை ஏற்றினால் கடை திறந்துவிடும். இந்த இடத்தில் வால்டூர் சற்று முன்னே நிற்கிறது என்றாலும், நிறுவுவது ஒருமுறை செய்யும் வேலை; அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ஒரு மென்பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ள அதன் மூலநிரலைக் கிளைபிரித்து (தனி நகலாக்கி) திருத்த வேண்டியிருக்கிறதா, அல்லது அமைப்புகளை மாற்றினால் போதுமா என்பதையே நாங்கள் முதன்மையாகப் பார்த்தோம். ஈயோஸ்க் செயலி, பெயருக்கேற்ப, ஈயோஸ்க் என்ற ஒரே நிலத்துக்காகக் கட்டப்பட்டது. தொழில்நுட்ப முதிர்ச்சி நிலை, வாழ்க்கைச் சுழற்சி நிலை, அறிவியல் புலம் போன்ற ஈயோஸ்க் விவரக்குறிப்பின் புலங்கள் தரவு வடிவத்திலேயே ஊறியிருக்கின்றன. அவற்றை அகற்றி, ‘இந்தச் சேவைக்கு எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், மாதம் எவ்வளவு’ என்று கேட்க வேண்டுமானால் மாதிரிகளையும் படிவங்களையும் தேடல் சுட்டியையும் (இண்டெக்ஸ்) தொட்டாக வேண்டும். தொட்ட கணத்திலிருந்து அந்தக் கிளை நம்முடையது. அதன் வருடாந்திரச் சுமையும் நம்முடையது. ரூபியில் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று புதிய பதிப்பு வருகிறது. ஒரு பதிப்புக்கான ஆதரவு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. ரூபி 2.7க்கான ஆதரவு 2023 மார்ச்சிலும், ரெயில்ஸ் 6.1க்கானது 2024 அக்டோபரிலும் நின்றன. மூலத் திட்டத்தினர் இந்தப் படிகளை ஏறும்போதெல்லாம் நம் திருத்தங்களை அவற்றோடு ஒன்றிணைத்து, முரண்களைத் தீர்த்து, சோதனைகளை மீண்டும் ஓட்ட வேண்டும். ரெயில்ஸில் தேர்ந்த இருவரையாவது நிரந்தரமாக வைத்திருக்கும் மையத்துக்கு இது இயலும், எங்களால் இயலாது.

எலாஸ்டிக்சர்ச்சும் இதே கணக்கில் சேர்கிறது. 2021இல் 7.11 பதிப்பிலிருந்து அதன் உரிமம் மாறியது. 2024இல் ஏஜிபிஎல்லும் ஒரு தெரிவாகச் சேர்க்கப்பட்டது. உரிமத்தை விடவும் அன்றாடக் காவலே அதில் கவலைக்குரியது. வட்டு 95 விழுக்காடு நிரம்பியதும் எலாஸ்டிக்சர்ச் தன்னைக் காத்துக்கொள்ளச் சுட்டிகளைப் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டிக்கொள்ளும். அப்போது சேவையின் விலையை மாற்றினால் அது போஸ்ட்கிரெஸில் பதிவாகும், தேடல் பக்கத்திலோ பழையதே நிற்கும். சில நூறு சேவைகளைத் தேடுவதற்கு இப்படித் தனியாகக் கண்காணிக்க வேண்டிய ஒரு சர்வர் தேவைதானா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சார்பு, பணிகளைப் பதிந்து பின்தொடரும் அட்லாசியன் நிறுவன மென்பொருளான ஜிரா. ஈயோஸ்க் செயலியில் பயனர் தொடங்கும் திட்டம் ஜிராவில் ஓர் எபிக் (பெரும்பணி) ஆகிறது, அதில் கேட்கப்படும் ஒவ்வொரு சேவையும் ஓர் இஷ்யூ (தனிப் பணி) ஆகிறது. சேவை வழங்குநர் அங்கே நிலையை மாற்றினால், தானாகச் செய்தி அனுப்பும் வெப்ஹூக் வழியாக அது சந்தைக்குத் திரும்பி வருகிறது. பல நாடுகளில், பல வகைக் கருவிகளோடு, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத வழங்குநர்களைக் கொண்ட ஈயோஸ்க்குக்கு இந்த வடிவமைப்பு பொருத்தமானது. நடுவில் மனிதர் ஒருவர் இருந்தே தீர வேண்டிய சூழல் அது. ஆனால் சந்தை திறமூலமாக இருக்க, அதன் முதுகெலும்பு மூடிய மென்பொருளாகிவிடுகிறது. சொந்த சர்வரில் ஓடிய ஜிரா பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15 அன்று முடிந்தது. அதன்பின் அட்லாசியனின் கிளவுட், அல்லது விலை கூடிய டேட்டா சென்டர் பதிப்பு என்ற இரண்டே வழிகள் இருந்தன.

வால்டூரில் விண்ணப்பம் நேரே வேலையாகிறது. ஆய்வாளர் ஒருவர், மெய்நிகர் கணினிகளைத் தரும் திறமூல கிளவுட் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக் சேவையைத் தேர்ந்து கோர், நினைவகம், சேமிப்பிடம் மூன்றுக்கும் வரம்பைக் குறிக்கிறார். கீழேயே மாதச் செலவு தெரிகிறது. ஒப்புதல் தர வேண்டியவர் ஒப்பியதும், செலரி வேலையாள் ஓப்பன்ஸ்டாக்கின் ஏபிஐயை (நிரல் இடைமுகத்தை) அழைத்து, அதே வரம்புகளோடு ஒரு டெனன்ட்டை (தனி வளப் பகுதியை) உருவாக்குகிறது. அழைப்பு தோற்றால் ஆணை பிழை நிலைக்குப் போய், காரணத்தை அங்கேயே காட்டுகிறது. நிலையான கட்டணம், ஒருமுறைக் கட்டணம், பயன்பாட்டுக் கட்டணம், வரம்புக் கட்டணம் என்ற வகைகளை நிரலைத் தொடாமல் திரையிலேயே அமைக்கலாம். தானியங்கியாக்க முடியாத சேவைகளுக்கு மனிதர் கவனிக்கும் கோரிக்கை முறையும் உண்டு.

வால்டூரிலும் பராமரிப்புச் சுமை இல்லாமல் இல்லை. பதிப்புகள் அடிக்கடி வருகின்றன. புதிய படிமத்தை (கன்டெய்னருக்கான மென்பொருள் பொதியை) இழுத்தால் தரவுத்தள இடம்பெயர்வு, அதாவது அட்டவணை அமைப்பின் புதுப்பிப்பு, தனி கன்டெய்னரில் தானே நடக்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ் படிமத்தின் முதன்மைப் பதிப்பு எண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தக் கூடாது. பழைய பதிப்பின் தரவுக் கோப்புகளைப் புதிய பதிப்பு ஏற்காது. தரவுக் கோப்புகள் சர்வரோடு பொருந்தவில்லை என்ற செய்தியோடு கன்டெய்னர் எழாமலே நிற்கும். முன்கூட்டியே டம்ப் (முழுத் தரவு நகல்) எடுத்து, புதிய வால்யூமில் (சேமிப்புப் பகுதியில்) மீட்டுப் பார்த்த பிறகே உயர்த்த வேண்டும். ராபிட்எம்க்யூவிலும் அடுத்த பதிப்புக்குப் போகும் முன் தற்போதைய பதிப்பின் அம்சக் கொடிகள் (புதிய அம்சங்களை இயக்கும் நிலைமாற்றிகள்) அனைத்தையும் இயக்கிவிட வேண்டும். இவை எழுதி வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலைகள். கிளையை மூலத்தோடு இணைக்கும் வேலை அப்படிப்பட்டதன்று. முகப்பை ஆங்குலர்ஜேஎஸ்ஸிலிருந்து ரியாக்டுக்கு மூலத் திட்டத்தினரே மாற்றிக் கொடுத்தது எங்களுக்கு நம்பிக்கை தந்தது. கிளைபிரிக்காத பயனர்களுக்கு அவ்வளவு பெரிய மாற்றம் ஒரு பதிப்பு உயர்வாகவே வந்து சேர்ந்தது.

மீக்கணினி (சூப்பர்கம்ப்யூட்டர்) பக்கம் எங்கள் அனுபவம் மெல்லியது. மீக்கணினி வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளின் கணக்குகளை வால்டூரோடு இணைக்கும் முகவரை (துணை நிரலை)ச் சிறிய கணினித் தொகுதி ஒன்றில் மட்டுமே ஓட்டியிருக்கிறோம். ஃபின்லாந்தின் கயானி நகரிலுள்ள லூமி மீக்கணினியின் வள ஒதுக்கீட்டுக்குப் பயன்படும் புஹுரி என்ற அமைப்பு வால்டூரின் மேல் கட்டப்பட்டது என்பதால் பெரிய அளவிலும் அது தாங்கும் என்று எதிர்பார்க்கலாம்; எங்கள் சோதனையை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். மாறாக, உங்கள் மையம் எந்த வளத்தையும் நேரடியாக ஒதுக்கப் போவதில்லை, பிற நிறுவனங்களின் சேவைகளைத் தொகுத்துக் காட்டி விண்ணப்பத்தை அவர்களிடம் சேர்ப்பதே வேலை, ஜிராவும் ரெயில்ஸ் தெரிந்தவர்களும் ஏற்கெனவே கைவசம் இருக்கிறார்கள் என்றால், ஈயோஸ்க் செயலியை எடுத்து, புலங்களை இயன்றவரை மாற்றாமல் அப்படியே பயன்படுத்துங்கள்.