நெகிழ்வை எங்கே வைப்பது? பல தரப்புத் திட்டங்களுக்கான ஐந்து அட்டவணை முறைகள்

ஒரு வேலையைத் தொடங்க ஐந்து தரப்புகள் தங்கள் பங்கை முடித்துத் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் சொன்ன தேதியில் தருவதற்கு 90 சதவீத வாய்ப்பு. தனித்தனியே பார்த்தால் எல்லாருமே நம்பகமானவர்கள்தான். ஆனால் ஒருவரின் தாமதம் இன்னொருவரைத் தொடாது என்று எடுத்துக்கொண்டால்கூட, ஐந்து பேரும் ஒருசேர அந்த நாளில் தரும் வாய்ப்பு சுமார் 59 சதவீதம். பத்துத் தரப்பானால் 35. திட்டம் இழுத்துக்கொண்டு போக யாரும் சோம்பேறியாக இருக்கத் தேவையில்லை, இந்தப் பெருக்கலே போதும்.

அதனால் அட்டவணையில் நெகிழ்வு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த நெகிழ்வை எங்கே வைப்பது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

மூத்தது கிரிட்டிக்கல் பாத் முறை. 1957 வாக்கில் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்களில் உருவானது. வேலைகளை ஒன்றையொன்று சார்ந்த சங்கிலிகளாக வரைகிறோம். மிக நீளமான சங்கிலிதான் திட்டத்தின் கால அளவு. மற்ற சங்கிலிகளில் கொஞ்சம் தள்ளிப்போக இடம் இருக்கும், அதற்கு ஃப்ளோட் என்று பெயர். இந்த முறையின் நெகிழ்வு முழுவதும் அங்கேதான். ஒரே நிறுவனத்துக்குள் இது அருமையாக வேலை செய்கிறது. பல தரப்பு வந்ததும் ஒரு தகராறு பிறக்கிறது: அந்த ஃப்ளோட் யாருடையது? ஒரு சங்கிலியில் 10 நாள் ஃப்ளோட் இருந்தால் அது அந்தச் சங்கிலியில் உள்ள எல்லாருக்கும் பொது. முதலில் வரும் வடிவமைப்பாளர் பத்தையும் எடுத்துக்கொண்டால், பின்னால் வரும் மின்பணி ஒப்பந்ததாரர் ஒரு தவறும் செய்யாமலே நெருக்கடிக்குள் வந்து நிற்கிறார். ஒப்பந்தம் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லாவிட்டால், முந்தியவருக்கே லாபம்.

1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்த பெர்ட் முறை, ஒரே மதிப்பீட்டுக்குப் பதிலாக மூன்று கேட்டது. குறைந்தது 4 நாள், பெரும்பாலும் 6, மோசமானால் 14 என்றால், நடு மதிப்பை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க 7 நாள் வரும். நேர்மையான கணக்குதான். ஆனாலும் அதன் பழைய வடிவம் நீளமான ஒரே பாதையை மட்டும் பார்ப்பதால், முதலில் சொன்ன பெருக்கல் கணக்கு அதன் பார்வைக்கே வருவதில்லை. பல பாதைகள் சேரும் சந்திப்புகள்தான் பல தரப்புத் திட்டத்தின் வலி. அங்கேதான் அது ஏமாற்றுகிறது.

கிரிட்டிக்கல் செயின் முறையை 1997இல் மேலாண்மைச் சிந்தனையாளர் கோல்ட்ராட் முன்வைத்தார். ஒவ்வொருவரும் தன் வேலைக்குள் ஒளித்துவைக்கும் கூடுதல் நாட்களை வெளியே எடுத்து, திட்டத்தின் கடைசியில் பொதுவான பஃபராக, அதாவது தாமதத்தைத் தாங்கும் சேமிப்பு நாட்களாக, வைக்கச் சொல்கிறது. யோசனையாக எனக்கு மிகவும் பிடித்தது. நடைமுறையில், தாமதத்துக்கு அபராதம் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஒருவரிடம் போய் உங்கள் பாதுகாப்பு நாட்களைப் பொதுவில் போடுங்கள் என்று கேட்க முடியாது. பணம் கொடுக்கும் விதம் மாறாமல் இது நடக்காது.

மென்பொருள் குழுக்களிடையே பரவலான ஸ்க்ரம் முறை நெகிழ்வை வேலையின் அளவில் வைக்கிறது. ஸ்பிரிண்ட் என்ற, ஒரு மாதத்துக்கு மிகாத வேலைச் சுற்று, தினமும் 15 நிமிடக் கூட்டம். கெடு நகராது, உள்ளே என்ன முடியும் என்பதுதான் நகரும். மென்பொருளுக்குப் பொருத்தம். பாதி போட்ட அஸ்திவாரத்தை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ள முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், எதற்கு முன்னுரிமை என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், குழுவாக இருக்கக் கூடாது என்கிறது ஸ்க்ரம். உரிமையாளர், ஒழுங்குமுறை அமைப்பு, நிதி தருபவர், பயன்படுத்துபவர் என்று நான்கு தரப்பும் வெவ்வேறு முன்னுரிமை வைத்திருக்கும் இடத்தில் அந்த ஒரே ஆள் யார்? அதை முடிவு செய்யாமல் ஸ்பிரிண்ட் ஓட்டினால், ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் பழைய வாதமே திரும்ப வரும்.

என் கை நீள்வது லாஸ்ட் பிளானர் முறையின் பக்கம். 1990களில் கட்டுமானத் துறைக்காக கிளென் பல்லார்ட், கிரெக் ஹோவெல் இருவரும் உருவாக்கியது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: நாளை யார் எந்த வேலைக்குப் போவது என்று கடைசியாகத் தீர்மானிப்பவர் எவரோ, அவர்தான் திட்டமிட வேண்டும். மைல்கல்லிலிருந்து பின்னோக்கி வருகிறார்கள். சுவர் முன்னால் எல்லாத் தரப்பும் நின்று, ஆளுக்கொரு நிறச் சீட்டில் எழுதி ஒட்டுகிறார்கள்: "இதைத் தொடங்க எனக்கு உங்களிடமிருந்து இது வேண்டும்." இந்த ஒரு வாக்கியம், மாதக்கணக்கில் மின்னஞ்சலில் வெளிவராத சார்புகளை ஒரு மதியத்தில் வெளியே கொண்டுவந்துவிடும்.

அப்புறம் சுமார் ஆறு வாரம் முன்கூட்டியே பார்த்து, வரப்போகும் வேலைகளின் தடைகளை நீக்குவது: வரைபடம் வந்ததா, அனுமதி கிடைத்ததா, முந்தைய வேலை முடிந்ததா. தடை நீங்கிய வேலை மட்டுமே வாரத் திட்டத்துக்குள் வரும். முடியாது என்று சொல்ல உரிமை உண்டு. அந்த உரிமை இருப்பதால்தான் முடியும் என்ற சொல்லுக்கு எடை வருகிறது. வாரக் கடைசியில் வாக்களித்த வேலைகளில் எத்தனை முழுதாக முடிந்தன என்று எண்ணுகிறார்கள். 20க்கு 13 என்றால் 65 சதவீதம். 90 சதவீதம் முடிந்த வேலை, முடியாத வேலைதான். விடுபட்ட ஏழுக்கும் காரணம் எழுதப்படும். இங்கே நெகிழ்வு, தரப்புகள் வேலையைக் கைமாற்றும் இடத்திலேயே இருக்கிறது. அதை வாராவாரம் சரிசெய்துகொள்ளலாம்.

குறையும் உண்டு. வேறு நகரங்களில் சிதறிய குழுக்களுக்கு இந்தச் சந்திப்புகள் பெரிய சுமை. இரண்டு மூன்று தரப்பே உள்ள சிறிய வேலைக்கு இவ்வளவு தேவையில்லை, எளிய அட்டவணை போதும். தயாரித்து வர ஆறு மாதம் ஆகும் இயந்திரத்தை ஆறு வாரப் பார்வை பிடிக்காது. ஆகவே அனுமதிகள், நீண்ட காலக் கொள்முதல், இறுதிக் கெடு ஆகியவற்றுக்கு மட்டும் கிரிட்டிக்கல் பாத் வரைபடத்தை மேலே வைத்துக்கொண்டு, அதற்குள் லாஸ்ட் பிளானரை ஓட்டுவேன். மென்பொருள் பகுதி இருந்தால், அதன் ஸ்பிரிண்ட் முடியும் நாளை ஒரு கைமாற்றும் நாளோடு பொருத்துவேன்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாரக் கூட்டத்துக்கு ஆளனுப்பும் அதிகாரம் உள்ளவர் வர வேண்டும். "கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டுமே சொல்லக்கூடிய ஒருவரை ஒரு தரப்பு அனுப்பினால், அந்தத் தரப்பின் வேலையை வாரத் திட்டத்தில் ஏற்றாமல், தடைப் பட்டியலிலேயே வைத்திருப்பதுதான் மற்றவர்களுக்கு நியாயம்.