காரில் போனுக்குச் சார்ஜ் ஏற்ற: யுஎஸ்பி போர்ட்டா, 12 வோல்ட் சார்ஜரா, பவர் பேங்கா?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரையுள்ள சுமார் 60 கிலோமீட்டர் தூரமும் மேப்பைத் திறந்து வைத்து, காரின் யுஎஸ்பி போர்ட்டில் போனைச் செருகியபடியே போகிறவர்கள், கோவில் வாசலில் இறங்கும்போது சார்ஜ் ஏறாததோடு குறைந்தும் இருப்பதைக் கண்டு, போனையோ கேபிளையோ சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் குறை அவற்றில் இல்லை. பல கார்களில் ஸ்டீரியோவோடு இணைந்த போர்ட் பாட்டுக்கும் தகவல் பரிமாற்றத்துக்கும் என அமைந்தது, யுஎஸ்பி 2.0 தரத்தின்படி அது தருவது 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே. திரையும் ஜிபிஎஸ்ஸும் இணையமும் ஒருசேர இயங்கும் போன் அதைவிட அதிகமாகச் செலவழித்துவிடும். அந்தப் போர்ட்டால் போனுக்குக் கேடில்லை; போனின் மேப்பையும் பாட்டையும் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் கேபிள் வழியே இயக்க அதுவே வேண்டும். வாடகைக் காரில் மட்டும், திரையில் வரும் கேள்விக்குச் 'சார்ஜ் மட்டும்' என்பதையே தேர்ந்தெடுங்கள். நம் தொடர்பு எண்கள் பிறர் காரில் தங்கிவிடக் கூடாது.

12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சார்ஜருக்கே நான் முதலிடம் தருவேன், அது தரமானதாக இருந்தால். என்ஜின் ஓடும்போது சாக்கெட்டில் சுமார் 14 வோல்ட் இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் அது தாழ்ந்து எழும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பாதுகாப்புச் சுற்று பெயரில்லாத மலிவுச் சார்ஜரில் இருக்கும் என்று நம்ப வழியில்லை. சாக்கெட்டில் தளர்வாக ஆடும் சார்ஜரோ தொடும் இடத்தில் சூடேறும். அதே வேளையில், வாட் கூடிய சார்ஜர் போனைக் கெடுத்துவிடும் என்ற பயம் தேவையற்றது. பவர் டெலிவரி (PD) வகைச் சார்ஜர், போன் கேட்கும் வோல்ட்டேஜை மட்டுமே தரும். யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஏறும் பல லேப்டாப்புகளுக்கும் 65 வாட் அளவில் இவ்வகையே போதும். இன்வெர்ட்டர் வைத்து 12 வோல்ட்டை 230 ஆக்கி, அடாப்டரில் மீண்டும் இறக்குவது வீண் இழப்பு.

பவர் பேங்கின் நன்மை, காரை நம்பியிராதது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் உள்ளதாகப் பார்த்து வாங்கிய 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 3.7 வோல்ட் கணக்கின்படி 74 வாட்-மணி ஆற்றல் கொண்டது. ஆனால் கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அதை விட்டுச் செல்லவே கூடாது. டேஷ்போர்டின் மேற்பரப்பு அப்போது 60 டிகிரியைத் தாண்டிவிடும். லித்தியம் பேட்டரிக்கு அது ஆபத்தான சூடு.

எந்தச் சார்ஜரைத் தேர்ந்தாலும் வெயில் குறுக்கிடும். காலையில் திருச்செந்தூர் நோக்கிச் செல்கையில் சூரியன் முன்கண்ணாடியில்தான் அடிக்கிறது. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றலாகாது என்பதால், சூடேறிய போன் தானாகவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திவிடும். ஸ்டாண்டை ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டினால் இந்தத் தொல்லை பெரிதும் தீரும்.

சாவியை எடுத்த பிறகும் சார்ஜரின் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்தால் அது கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள்; காரைப் பல நாள் நிறுத்திவிட்டு வெளியூர் போகுமுன் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.