மொட்டை மாடி வானிலை நிலையம்: மூன்று வருட அனுபவம்

கடலூரில் எங்கள் வீட்டில் தானியங்கி வானிலை நிலையம் வைத்து மூன்று வருடம் ஆகிறது. வாங்கும் முன் விலை, வைஃபை, ஆப் எல்லாவற்றையும் அலசினேன். ஆனால் சென்சார் பெரும்பாலும் ஒரேயடியாக நின்றுபோவதில்லை, தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டே ஓடும் என்பதை யாரும் சொல்லவில்லை.

முதல் சித்திரையிலேயே மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு வேப்பமரம் பூத்துக் கொட்டிய நேரம். ஒரு மாலை முக்கால் மணி நேரம் நல்ல கோடை மழை. திரையில் 0.4 மி.மீ. மாடியேறிப் பார்த்தால் மழைமானியின் புனலில் தண்ணீர் தளும்ப நிற்கிறது. அடியில் வேப்பம்பூ களிபோல அடைத்திருக்கிறது. ஈர்க்குச்சியால் குத்தி எடுத்ததும் உள்ளே டக், டக் என்று கரண்டி சாய ஆரம்பித்தது. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மழை பதிவானது. இப்போது பங்குனி முதல் ஆனி வரை வாராவாரம் புனலைத் துடைக்கிறேன்.

உள்ளே இருப்பது சீசா போல ஆடும் இரட்டைக் கரண்டி. ஒரு பக்கம் நிறைந்தால் சாயும், அதிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சை (காந்தம் அருகே வந்தால் இணையும் சின்ன சுவிட்ச்) கடக்கும், 0.2 மி.மீ. என்று பதிவாகும். இதைச் சரிபார்ப்பது எளிது. என் புனலின் விட்டம் 20 செ.மீ.; அதில் 314 மி.லி. தண்ணீர் விழுந்தால் 10 மி.மீ. மழைக்குச் சமம், அதாவது கரண்டி 50 முறை சாய வேண்டும். பாட்டில் மூடியில் ஊசித்துளை போட்டு, புனலில் கவிழ்த்து, அரைமணி நேரத்துக்கு மேல் சொட்டவிட்டேன். 46 தான் வந்தது. கரண்டிக்கு அடியிலிருக்கும் திருகுகளைக் கொஞ்சம் உயர்த்தி, மறுபடி ஊற்றி, மூன்றாவது தடவை 50 வந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஐப்பசியை ஒட்டி இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

அப்படிச் செய்தாலும் பேய்மழையில் குறையும். கரண்டி சாயும் அந்த நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் சேராது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, பக்கத்தில் வைத்திருந்த சாதாரண அளவுக்குடுவை என் நிலையத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு அதிகம் காட்டியது. குடுவையைத்தான் நம்பினேன். தினமும் காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறை கணக்கெடுக்கும் அதே நேரத்தில், அதையும் குறித்து வைக்கிறேன்.

வெப்பமானியை முதலில் மாடியில் வைத்தது என் தவறு. மே மாதம் கான்கிரீட் தளத்தின் அனலையும் சேர்த்துக் காட்டியது. தோட்டத்து மண்தரையில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மாற்றியதும் மதிய வெப்பம் இரண்டு டிகிரி இறங்கியது. வெப்பமானியை மூடியிருக்கும், வெள்ளைத் தட்டுகள் அடுக்கிய கவசத்துக்குள் குளவி மண்கூடு கட்டும். காற்றோட்டம் அடைபட்டால் அளவு ஏறும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவினால் போதும்.

ஈரப்பத சென்சார் இரண்டாவது வருடமே தடுமாறியது. பாட்டில் மூடியில் கல்லுப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல ஆக்கி, சென்சாரோடு இறுக்கமான டப்பாவில் ஓர் இரவு முழுக்க மூடி வைத்தேன். உப்பு முழுக்கக் கரையாமல் ஈரச் சேறாக இருந்தால் சென்சார் 75 சதவீதம் காட்ட வேண்டும். 82 காட்டியது. புது சென்சார் மாற்றினேன். அதனால் வாங்கும்போது சென்சார்கள் தனித்தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

காற்றழுத்த சென்சார் ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை.

காற்றுமானிக்குக் கடல்காற்றின் உப்புதான் எதிரி. பேரிங் சொரசொரத்து, இளங்காற்றுக்குக் கிண்ணங்கள் அசையவே இல்லை, மாற்ற வேண்டியதாயிற்று. அதைவிடக் குழப்பியது திசை. கோடை மதியத்தில் இங்கே கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். ஒரு வாரமாக அது வடகிழக்கு என்றே காட்ட, போய்ப் பார்த்தேன். கிளாம்ப் தளர்ந்து கம்பமே திரும்பியிருந்தது. இப்போது குழாயிலும் கிளாம்பிலும் சேர்த்து சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். பலத்த காற்று அடித்த மறுநாள் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று கீழிருந்தே பார்த்துவிடலாம்.