விளிம்புக்காக வாங்கிய பேட்டர்ன்

பழைய தொப்பி பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித மாதிரி, வாங்கலாமா என்று கேட்டால் என் பதில்: வாங்கலாம், விளிம்புக்காக. தலையை மூடும் பகுதிக்காக வாங்க வேண்டியதில்லை. அதை ஒரு இஞ்ச் டேப், ஒரு காம்பஸ், கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கு வைத்துக்கொண்டு யாரும் வரைந்துவிடலாம். விளிம்பு அப்படி இல்லை. அதன் வளைவில்தான் வரைந்தவருடைய கை தெரியும்.

நான் வாங்கியது 1940-களில் வெளியான ஒரு பேட்டர்ன் உறை. முன்பக்கத்தில் மூன்று பெண்கள், மூன்று தொப்பிகள். ஒன்று, முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகியும் போகும் விளிம்புள்ள தொப்பி. இன்னொன்று பெரே, விளிம்பில்லாத தட்டையான வட்டத் தொப்பி. மூன்றாவது, துணியை முறுக்கி முடிச்சிட்டதுபோல் தெரியும் டர்பன். ஓரத்தில் ஒரே ஒரு அளவு: தலை 22 அங்குலம், அதாவது ஏறத்தாழ 56 செ.மீ. என் தலையோ முடியோடு சேர்த்து 59. இந்த மூன்று செ.மீ. பற்றிப் பிறகு வருகிறேன்.

உறையைத் திறந்ததும் முதலில் வரும் சந்தேகம், ஏமாந்துவிட்டோமோ என்பது. தாளில் ஒரு கோடு கிடையாது, எழுத்து கிடையாது. வெறும் பழுப்புத் தாள், அதில் ஆங்காங்கே ஓட்டைகள். அந்தக் காலத்து வழக்கமே அதுதான். எபனேசர் பட்டரிக் அமெரிக்காவில் அளவு வாரியாகக் காகித பேட்டர்ன் விற்கத் தொடங்கியது 1863-இல். அப்போதிருந்து நெடுங்காலம் மெல்லிய தாளை அடுக்கிவைத்து ஒரே வெட்டில் வெட்டி, ஓட்டை குத்தி விற்றார்கள். மெக்கால் நிறுவனம் 1920-களிலேயே கோடுகளை அச்சிட்டுக் கொடுத்தது. மற்ற சிலர் 1950-கள் வரை ஓட்டையை விடவில்லை. எந்த ஓட்டை மடிப்பு, எது தையல்கோடு, எது நூல் ஓட்டம் என்பது விளக்கத்தாளில் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும். ஆகவே விளக்கத்தாள் இல்லாத ஓட்டை பேட்டர்னை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

தாள் சருகுபோல இருந்தது. மடிப்பை விரலால் நீவிப் பிரிக்கப் பார்த்தால் கிழியும். இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், நீராவி துளியும் இல்லாமல் வைத்து மேலே மெதுவாக ஒற்றினால் படியும். நீராவி பட்டால் தாள் சுருங்கும், அளவு போய்விடும். படிந்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, ட்ரேசிங் பேப்பரில் பிரதி எடுப்பது. மூலத்தில் குண்டூசி குத்தவே கூடாது. நான் பிரதியில்தான் வெட்டினேன், திருத்தினேன், கிறுக்கினேன். மூலம் இன்னும் உறைக்குள் முழுசாக இருக்கிறது.

முழுசாக என்று சொன்னது சரியில்லை. ஒரு துண்டு வரவேயில்லை. எல்லாத் துண்டும் உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். எண்ணிப் பார்த்தால் விளிம்புத் தொப்பியின் சுற்றுப்பட்டை இல்லை. தலையின் சுற்றளவுக்கு நிற்கும் பட்டை அது, அதன் தலைமேல் வட்டமான மூடி உட்காரும். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. கோபம் வந்தது, ஆனால் கணக்கு ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டது. தலை 59, இறுக்கம் இல்லாமல் இருக்க 1 சேர்த்து 60. பட்டையின் நீளம் 60, அதோடு தையலுக்கு விடும் துணி. உயரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, நான் வைத்தது 9. மேல்மூடியின் ஆரம், 60-ஐ 6.28-ஆல் வகுத்தால் 9.55 செ.மீ. தலை என்பது வட்டமல்ல, முன்பின்னாக நீண்ட முட்டை வடிவம். அதனால் முன்பின் விட்டத்தை ஒரு செ.மீ. கூட்டி, பக்கவாட்டு விட்டத்தை ஒரு செ.மீ. குறைத்தேன். சுற்றளவு கிட்டத்தட்ட அதேதான். பட்டை இல்லாததால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. விளிம்புத் தாள் தொலைந்திருந்தால் உறையைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்த விளிம்புக்கு வருவோம். மேசைமேல் விரித்தால் ஒரு பக்கம் திறந்த வளையம். முழு வட்ட வளையமாக வெட்டித் தைத்தால் விளிம்பு தட்டையாக நிற்கும். வளையத்திலிருந்து ஒரு ஆப்பு அளவு எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைத்தால் கீழ்நோக்கிச் சரியும். எடுக்கும் ஆப்பு பெரிதாகப் பெரிதாகச் சரிவும் கூடும். ஆப்பை எடுப்பதற்குப் பதில் சேர்த்தால் அலை அலையாக நெளியும். தொப்பி விளிம்பின் சூத்திரம் இவ்வளவுதான். ஆனால் இந்த உறையில் இருந்த விளிம்பு அந்தச் சூத்திரத்தோடு நிற்கவில்லை. முன்னால் 9 செ.மீ. அகலம், பின்னால் 4. இடதும் வலதும் ஒன்றல்ல. வலதுபுறம் கொஞ்சம் உயர்ந்து இடதுபுறம் புருவத்தை நோக்கி இறங்குகிறது. ஒரு பக்கமாகச் சாய்த்துத் தொப்பி வைப்பது அந்தக் காலத்து மோஸ்தர். சாய்ப்பதை அணிபவரின் கையில் விடாமல் தாளிலேயே வெட்டி வைத்துவிட்டார்கள். தலையில் நேராக வைத்தாலும் தொப்பி தானாகச் சாய்ந்து தெரிகிறது. இதை நான் காம்பஸ் வைத்து ஒருநாளும் வரைந்திருக்க முடியாது.

இடவலம் மாறுபடும் விளிம்பைத் துணியை மடித்துப் பாதியாக வெட்ட முடியாது. மேல்துணியும் அடித்துணியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக வர வேண்டும், ஆகவே இரண்டாவது துண்டுக்குத் தாளைத் திருப்பிப் போட வேண்டும். விளக்கத்தாள் இதைச் சொல்லவில்லை, துணியைப் பரப்பும் படத்தில் நிழலடித்துக் காட்டியதோடு சரி. அடித்துணியின் வெளி ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால் தையல் கீழே புரண்டு மறையும். அதையும் சொல்லவில்லை. மொத்தத்தில் அந்தத் தாள், தையல் தெரிந்த ஒருவரிடம் இன்னொருவர் சுருக்கமாகப் பேசுவதுபோல் இருக்கிறது. ‘விளிம்பைத் தலைப்பகுதியோடு இணைக்கவும்’ என்று ஒரு வரி. பட்டையின் நேர் ஓரத்தையும் விளிம்பின் வளைந்த ஓரத்தையும் சுளிவில்லாமல் இணைப்பதுதான் இந்த வேலையிலேயே கடினம், அதற்கு ஒரே வரி! ரவிக்கைக் கழுத்து தைத்துப் பழகியவர்கள் சமாளிப்பார்கள். விளிம்பின் உள் ஓரத்தில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்து, முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டு, அதற்குப் பிறகே மெஷினில் வைக்க வேண்டும். முதல்முறை ஊசி பிடிப்பவர் இந்த உறையோடு தொடங்க வேண்டாம்.

இப்போது அந்த மூன்று செ.மீ. பட்டையையும் மூடியையும் நானே வரைந்ததால் அவற்றில் பிரச்சினை இல்லை. விளிம்பைப் பெரிதாக்க எளிய வழி, உள் ஓரத்தை மட்டும் சுற்றிலும் அரை செ.மீ. வெட்டிவிடுவது. ஆரம் 0.5 கூடினால் சுற்றளவு 3.14 கூடும். இழந்த அகலத்தை வெளி ஓரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பின்தையலில் மூன்று செ.மீ. சேர்த்தால் ஆகாதா என்று தோன்றும். ஆகாது. அப்படிச் செய்தால் சரிவு மாறிவிடும், எதற்காகப் பேட்டர்ன் வாங்கினோமோ அதுவே கெட்டுவிடும்.

விளிம்பு விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைத்து, மேலே கால் அங்குல இடைவெளியில் வரிவரியாகச் சுற்றித் தைக்கச் சொல்கிறார்கள். நூல் நிறையச் செலவாகும். ஆனால் தொப்பிக்குக் கடைத் தொப்பியின் தோரணை வருவது இந்த வரிகளால்தான். எல்லா வரியும் ஒரே திசையில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் துணி முறுக்கிக்கொள்ளும். வெளி ஓரத்து வரிகளை மெதுவாகப் போடுங்கள், கண்ணுக்கு முதலில் படுவது வெளி ஓரம்.

உறையில் இல்லாத ஆனால் துணியைவிட முக்கியமான ஒரு பொருள், உள்ளே வைத்துத் தைக்கும் நாடா. பீட்டர்ஷாம் என்று கேட்டு வாங்க வேண்டும். பார்க்க குரோகிரெய்ன் நாடா போலவே இருக்கும். வித்தியாசம் ஓரத்தில்: பீட்டர்ஷாமின் ஓரம் நுண்ணிய பற்களாக இருக்கும், குரோகிரெய்னின் ஓரம் நேராக இறுகியிருக்கும். அதனால் பீட்டர்ஷாமை நீராவி இஸ்திரியால் வளைக்கலாம், மற்றது அவ்வளவாக வளையாது. தலை அளவுக்கு நாடாவை வெட்டி, தொப்பியை அதன் நீளத்துக்கு அடக்கித் தைத்தால் காலப்போக்கில் தொப்பி விரியாது. தொப்பியின் அளவைப் பிடித்துவைப்பது இந்த நாடாதான். துணியில் மிச்சம் பிடியுங்கள், நாடாவில் பிடிக்காதீர்கள்.

பெரே பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு முழு வட்டம், நடுவில் தலை நுழையும் துளையோடு இன்னொரு வட்டம், ஒரு பட்டை. இதற்குப் பேட்டர்ன் தேவையில்லை. டர்பன் அழகாக வந்தது, ஆனால் துணியைக் கிராஸாக, அதாவது நூல் ஓட்டத்துக்குச் சாய்வாக, வெட்ட வேண்டும், நிறையத் துணி போகும். நேராக வெட்டினால் மடிப்புகள் தலையோடு படியாமல் துருத்திக்கொண்டு நிற்கும். போர்க்காலத்தில் டர்பன் பரவியதற்குக் காரணம் இருந்தது. தொழிற்சாலையில் முடி இயந்திரத்தில் சிக்காது, தலைவாராத நாளையும் மறைக்கும். இரண்டாவது காரணம் எனக்கும் பொருந்தும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் இரண்டு வாங்கினேன். ஒன்று 1960-களின் பில்பாக்ஸ் என்ற, விளிம்பில்லாத சிறு பெட்டி போன்ற தொப்பிக்கு இப்போது மறுபதிப்பாக வரும் பேட்டர்ன். கோடு, எழுத்து, பல அளவுகள், விளக்கம் எல்லாம் தெளிவு. 1961-இல் ஜாக்குலின் கென்னடி, கணவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற நாளில் அணிந்த, ஹால்ஸ்டன் என்ற வடிவமைப்பாளரின் தொப்பிதான் இந்த வடிவத்தை ஊரெங்கும் பரப்பியது. உயர்த்தி வாரிய முடி நசுங்காமல் இருக்கத் தலையின் பின்புறமாக உட்காரவைத்திருந்தார். அப்படி உட்காரும் தொப்பிக்குத் தலை அளவு அவ்வளவு முக்கியமில்லை, எனக்கு அதில் நிம்மதி. பக்ரம் துணியால் பெட்டி செய்து, ஓரத்தில் கம்பியைக் காஜா தையலால் பிடித்து, மேலே துணி போர்த்த வேண்டும். பக்ரம் பசையேற்றிய துணி, ஈரம் பட்டால் துவண்டுவிடும், மழையில் போடக் கூடாது. வேலை சுலபம், முடிவும் சுத்தம். ஆனாலும் பேட்டர்ன் என்று பார்த்தால் வட்டமும் செவ்வகமும்தானே! அதற்குக் காசு கொடுத்தது விளக்கப் படங்களுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.

மற்றது பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளும் 1920-கள் பாணி க்ளோஷ், மணிபோல் தலையைக் கவ்வும் தொப்பி. ஆறு துண்டுகள் சேர்ந்த தலைப்பகுதி, சிறிய விளிம்பு. அச்சிடும்போது ‘பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு’ என்பதை அணைத்துவிட்டு 100 சதவீதத்தில் எடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் உள்ள சோதனைச் சதுரத்தை அளந்து பார்க்காமல் வெட்டாதீர்கள். 3 சதவீதம் சுருங்கினாலே 56 செ.மீ. தொப்பியில் 1.7 செ.மீ. போய்விடும். ஆறு துண்டுத் தொப்பியில் தையலும் பொல்லாதது. ஒவ்வொரு தையலிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால், இரு பக்கமும் ஆறு தையலும் சேர்ந்து 12 மில்லிமீட்டர். தொப்பி தலையில் இறங்காது.

க்ளோஷ், ஒட்ட வெட்டிய பாப் முடிக்குப் பொருந்தும் தொப்பி. பின்கழுத்தில் கொண்டை வைப்பவர்களுக்கு அது உட்காராது, புருவம் வரை இறங்குவதால் மூக்குக் கண்ணாடியையும் இடிக்கும். எனக்கு இரண்டும் உண்டு. தைத்ததை என் அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்குக் கச்சிதம். கோடையில் லினனில் இன்னொன்று கேட்டிருக்கிறாள்.

அசல் பழைய உறை வாங்குவதாக இருந்தால், காசு கொடுப்பதற்கு முன் விளிம்புத் துண்டை விரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விளக்கத்தாளின் இரு பக்கமும் தெரியும்படி இன்னொரு படம். உறை கிழிந்திருந்தால் பரவாயில்லை, பென்சில் குறிப்புகள் இருந்தாலும் பரவாயில்லை. என் உறையில் முன்பு யாரோ விளிம்பின் முன்பக்கத்தை ஒரு செ.மீ. குறைத்துக் கோடு போட்டிருந்தார்கள். அப்படியும் வெட்டிப் பார்த்தேன், முகத்துக்கு அதுவே எடுப்பாக இருந்தது.