எலும்பை வளர்க்கும் ஊசி என்று சொல்லி 86,000 ரூபாய் வாங்கினார்கள், அம்மா இன்று படுத்த படுக்கை

நேற்று சாயங்காலம் ஐந்தாவது முறையாக, அம்மாவுக்கு ஊசி போட்ட அந்த எலும்பு சிகிச்சை மையத்தின் வரவேற்பு மேசை முன்னால் போய் நின்றேன். "பேக்கேஜ் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம்னு பில்லுலயே போட்டிருக்கு மேடம்" என்றாள் அங்கே இருந்த பெண், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். பில்லில் அப்படி ஒரு வரியும் இல்லை. பில் என்று அவர்கள் கொடுத்ததே ஒரு துண்டுச் சீட்டுதான். "எலும்பு பேக்கேஜ், 86,000, பெறப்பட்டது" என்று பேனாவில் எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து. வீட்டுக்கு வந்து அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வயதான அம்மாவோ மாமியாரோ பாட்டியோ இருக்கிற வீட்டுக்காரர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எந்த ஊசி, எதற்கு அப்புறம் எது என்று நான் தெரிந்துகொண்டதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

2023 டிசம்பர் மாதம். எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மதுரையில் இது ஒன்றும் புதிதில்லை. அம்மாவுக்கு அப்போது 67 வயது. எட்டு வருடம் முன்னால் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முதுகு கூன ஆரம்பித்தது. அடுக்களை மேல்தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க முக்காலி தேட வேண்டியதாயிற்று. வயசானால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அது முதுகெலும்பு நசுங்குவதாலும் இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

முகாமில் குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். சிவப்புக் கட்டத்தில் ஒரு புள்ளி. "உடனே எங்க சென்டருக்கு வாங்க." போனோம். அங்கே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் முதுகெலும்பில் மைனஸ் 3.9. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழேயும் போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறிகிற நோய். அம்மாவுடையது அதையும் தாண்டி எங்கேயோ கிடந்தது. பயந்துவிட்டேன்.

அங்கேதான் ஏமாந்தேன். அந்த மருத்துவர் நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அம்மா கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "பயப்படாதீங்கம்மா. எலும்பை வளர்க்கிற ஊசி இருக்கு. சில பேர் தினமும் வயித்துல குத்திக்கிற ஊசி எழுதுவாங்க, அந்தக் கஷ்டமே உங்களுக்கு வேணாம். ஆறு மாசத்துக்கு ஒண்ணு, மொத்தம் நாலே ஊசி. ரெண்டு வருஷத்துல பழனி படி நீங்களே ஏறுவீங்க." அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு எந்த மருத்துவரிடமும் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் பணத்தைக் கட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. நான்கு ஊசி, கால்சியம் பவுடர், பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 86,000 ரூபாய். மொத்தமாக முன்பணம். அப்பா பெயரில் தபால் ஆபீசில் இருந்த டெபாசிட்டை உடைத்து அம்மா கொடுத்த பணம் அது.

ஊசிக்கு முன்னால் கால்சியம், வைட்டமின் டி பார்க்க ரத்தம் எடுக்கவில்லை. முதுகைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஊசியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

2024 ஜனவரியில் முதல் ஊசி, ஜூலையில் இரண்டாவது. மூன்றாவது 2025 ஜனவரியில் போட்டிருக்க வேண்டும். ஜனவரியில் போன் செய்தால் "ஸ்டாக் வரல." பிப்ரவரியில் "சார் கான்ஃபரன்ஸ் போயிருக்கார்." மார்ச்சில் நேரிலேயே போனேன். "ஒரு ரெண்டு மாசம் தள்ளினா ஒண்ணும் ஆகாது மேடம், மருந்து உடம்புலயேதான் இருக்கும்" என்று மேனேஜர் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏப்ரலில் விலை ஏறிவிட்டது, கூடுதலாக 9,500 கட்டினால் ஊசி வரும் என்றார்கள். கட்ட மாட்டேன் என்று சண்டை போட்டேன். மே மாதம் போனையே எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பார்த்ததற்கான நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது.

ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் குனிந்த அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கீழே விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே, அப்புறம் எம்ஆர்ஐ. நான்கு முதுகெலும்புகள் நசுங்கியிருந்தன. மூன்று புதிது, ஒன்று பழையது. அந்தப் பழையது முகாமுக்கு முன்பிருந்தே இருந்திருக்கலாம் என்றார் ஹார்மோன் நோய் பார்க்கும் மருத்துவர். அன்றைக்கு ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "இவங்களுக்கு என்ன ஊசி போட்டாங்க?" எங்களிடம் பதில் இல்லை. மையம் கொடுத்த கோப்பில் "எலும்பு ஊசி 1, எலும்பு ஊசி 2" என்றுதான் இருக்கிறது. மருந்தின் பெயரைக் கேட்டு மட்டும் மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை, படியிறங்கும்போது ஒரு நர்ஸ் பின்னாலேயே வந்து, "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று மாத்திரைக் கவரின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். டெனோசுமாப் 60 மில்லிகிராம்.

அதைப் பார்த்ததும் அரசு மருத்துவமனை மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவர் பொறுமையாக விளக்கியதைத்தான் எல்லாருக்கும் சொல்ல நினைக்கிறேன். எலும்பை அரிக்கிற வேலையும் புதிதாகக் கட்டுகிற வேலையும் உடம்பில் ஓயாமல் நடக்கின்றன. டெனோசுமாப் அரிப்பை நிறுத்துகிற மருந்து. வாரம் ஒரு முறை போடும் ஆலன்ட்ரோனேட் மாத்திரை, வருடம் ஒரு முறை ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் எல்லாம் அந்த வகைதான். டெரிபாராடைட் என்கிற தினசரி ஊசி கட்டுகிற வகை. எங்களிடம் "அந்தக் கஷ்டம் வேணாம்" என்று தள்ளிவிட்டார்களே, அதுதான். அரிப்பை நிறுத்தும் மருந்தைக் கட்டும் மருந்து என்று சொல்லி எங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

ஏற்கெனவே எலும்பு முறிந்த, மிக மோசமான நிலையில் இருக்கிறவர்களுக்கு முடிந்தால் முதலில் கட்டுகிற மருந்தைக் கொடுத்து, அது முடிந்த கையோடு அரிப்பை நிறுத்தும் மருந்துக்கு மாறி, கட்டியதைக் காப்பாற்ற வேண்டுமாம். 2018-ல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினார். ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கிய 1,360 பெண்களில் பாதிப் பேருக்கு டெரிபாராடைட், மீதிப் பேருக்கு அரிப்பை நிறுத்தும் ரிசெட்ரோனேட் மாத்திரை. இரண்டு வருடத்தில் மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது, ஊசி போட்டவர்களில் 5.4 சதவீதம் பேருக்கு.

டெனோசுமாப் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நிறையப் பேரைக் காப்பாற்றுகிற மருந்துதான். ஆனால் அதைச் சும்மா நிறுத்தக் கூடாது. ஆலன்ட்ரோனேட் மாதிரி இது எலும்பிலேயே தங்கிக் கிடக்காது. ஆறு மாதம் தாண்டினால் வேலை தீர்ந்து, அடக்கி வைத்திருந்த அரிப்பு பழையதைவிட வேகமாகத் திரும்பும். சிலருக்கு ஒரே நேரத்தில் பல முதுகெலும்புகள் நசுங்கும். அம்மாவுக்கு நடந்ததும் அதேதான் என்றார். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் சோலெட்ரோனிக் மாதிரி இன்னொரு மருந்தை உடனே பிடித்துக்கொள்ள வேண்டும். "மருந்து உடம்புலயேதான் இருக்கும்" என்று அந்த மேனேஜர் சொன்னாரே!

சரி, இப்போதாவது அந்தக் கட்டுகிற ஊசியைப் போடலாமே என்று கேட்டேன். முன்பு இருந்த மாதிரி அது இப்போது எளிதில்லை. டெனோசுமாபை விட்டுவிட்டு நேராக டெரிபாராடைடுக்குத் தாவினால் இடுப்பெலும்பின் அடர்த்தி கொஞ்ச காலத்துக்கு இன்னும் குறையும். அதனால் ரத்தத்தில் கால்சியமும் வைட்டமின் டி-யும் பார்த்து, அளவைச் சரிசெய்துவிட்டு, டெனோசுமாபையே திரும்ப ஆரம்பித்திருக்கிறார். மற்றதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பிறகு பார்ப்பாராம். 86,000 ரூபாயைக்கூட எப்படியாவது சம்பாதித்துவிடுவேன். முதல் மருந்தாகக் கட்டுகிற ஊசியைப் போடும் வாய்ப்பு அம்மாவுக்கு ஒருமுறைதான் இருந்தது. அதை இவர்கள் தின்றுவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதி மையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் "அம்மா எங்கயாவது விழுந்திருப்பாங்க." அடுத்து "வயசாயிடுச்சுல்ல மேடம்." அப்புறம் "நீங்கதான் மூணாவது ஊசிக்கு வரல." ஜனவரியிலிருந்து நான் அனுப்பிய செய்திகளை வரிசையாகக் காட்டியதும் மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பேசிய மருத்துவரை இன்றுவரை ஒரு முறைகூடப் பார்க்க விடவில்லை. போடாத இரண்டு ஊசிக்கும், ஒரு நாள்கூட நடக்காத பிசியோதெரபிக்கும் சேர்த்துத்தான் 86,000 ரூபாய். ஒரு பைசா திரும்பவில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் போன் செய்து புகாரைப் பதிந்தாயிற்று.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். மணி பதினொன்றாகிவிட்டது, உள்ளே அம்மா முனகுகிறாள். தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குதிகால் மெஷின் சீட்டை நம்பி மருந்து ஆரம்பிக்காதீர்கள், டெக்ஸாவும் முதுகு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். மொத்தப் பணத்தை முன்னாலேயே கட்டாதீர்கள். ஊசியின் பெயரைக் கேளுங்கள், அட்டைப்பெட்டியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். இது கட்டுகிற மருந்தா, அரிப்பை நிறுத்துகிற மருந்தா, இதற்கு அப்புறம் என்ன என்று முதல் நாளே கேளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஆறு மாத ஊசி போட்டுக்கொண்டிருந்தால் கடைசி ஊசி எந்தத் தேதி என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் நாளைக்குக் காலையிலேயே நல்ல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப் போங்கள். அம்மா கூப்பிடுகிறாள், போகிறேன்.