காரிலேயே சுற்றி வீடு தேடிய 8 மாதங்கள்

வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை ஒரு கிடங்கில் போட்டுவிட்டு, நானும் மனைவியும் ஊர் ஊராகக் காரில் சுற்றி வீடு தேடினோம். கார் மீட்டர் காட்டியபடி 14,000 கிலோமீட்டர். இப்போது குடியேறி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்படித் தேடுவது சரிப்படுமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் மாதம் நெடுஞ்சாலையைவிட்டு இறங்காதது எங்கள் தவறு. அங்கிருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு வேகத்தடை, அவ்வளவுதான். பின்பக்கச் சாலையில் நுழைந்தால்தான் ஊர் தன் குப்பையை எங்கே கொட்டுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பது தெரியும்.

ஒரு வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. புது வெள்ளை வண்ணம், விசாலமான முற்றம். வழி தவறி அடுத்த தெருவுக்குள் போனபோதுதான் கவனித்தோம்: அங்கே எல்லாச் சுற்றுச்சுவர்களிலும் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகப் பழுப்புக் கோடு. திரும்பி வந்து, மனைவி குனிந்து சமையலறை அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்பலகையிலும் அதே உயரத்தில் அதே கோடு. வண்ணம் அடித்தவர் அலமாரியை மறந்துவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது 3 இரவு தங்கினோம். அதில் ஒரு வேலைநாள் காலை கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை 20 நிமிடத்தில் கடந்த சாலை திங்கட்கிழமை 55 நிமிடம் பிடித்தது. இரவு 9 மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். அப்போதும் சூடு விடுகிறது என்றால் அந்த அறையில் கோடையில் தூங்க முடியாது. சமையலறைக் குழாயையும் மாடிக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். வீட்டைக் காட்டுபவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. முதுகுவலி, பின் இருக்கையில் காயாத துணி. எந்தப் படிவமானாலும் 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடும்.

ஆனால் பெரிய குறை வேறு. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, பயணம் முடிந்துவிடக் கூடாதே என்றே வீடுகளில் குறை தேட ஆரம்பித்திருக்கிறோம். இதைக் கண்டுபிடித்தவள் மனைவி. குறிப்பேட்டைப் புரட்டியபோது, எல்லாச் சோதனையிலும் தேறிய ஒரு வீட்டை நான் அடித்துவிட்டு, பக்கத்தில் காரணம் எழுதியிருந்தேன்: "ஜன்னல் பச்சை."

மறுநாளே அங்கே போனோம். பச்சை ஜன்னலில் வேறு யாருடைய துண்டோ காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளிக் கிடைத்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். மாடிக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது.

கார் வாசலிலேயே நிற்கிறது. ஓட்டாமலே விட்டதில் போன மாதம் பேட்டரி இறங்கிப்போய், பக்கத்து வீட்டுக்காரர் வந்து தள்ளிவிட்டார்.