திருவனந்தபுரத்தில் கச்சேரி: நவராத்திரி மண்டபமா, டாகூர் தியேட்டரா?

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கமிருந்து நவராத்திரி சமயத்தில் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கோட்டைக்குள் குதிரைமாளிகை அரண்மனையை ஒட்டிய நவராத்திரி மண்டபம்தான். பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகப் போகும் நம்ம சரஸ்வதி அம்மன் முன்னால், ஒன்பது நாளும் மாலை 6 மணிக்குச் சரியாகக் கச்சேரி தொடங்கும், நாளுக்கு ஒன்றாக திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் நவராத்திரி கீர்த்தனைகளே முக்கியப் பாட்டு. கைதட்டக் கூடாது. கூரையில் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகளை நிமிர்ந்து பாருங்கள், ஒலி நன்றாகக் கேட்க அந்தக் காலத்திலேயே செய்த ஏற்பாடு அது. 2006-இல்தான் முதன்முதலாக ஒரு பெண் அங்கே பாடினார், நம்ம எல்லையை ஒட்டிய பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள். அவ்வளவு தாமதமானது எனக்கு இன்றும் வருத்தம்.

வழுதக்காட்டில் இருக்கும் டாகூர் தியேட்டர் வேறு மாதிரி. ஏசி, வசதியான நாற்காலி, நாடகம், நடனம், டிசம்பரில் திரைப்பட விழா என்று வருஷம் முழுக்க ஏதாவது நடக்கும், உடைக் கட்டுப்பாடும் கிடையாது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் பாட்டுக்காக மட்டும் போகிறவர் மண்டபத்துக்கே போகணும், முன்கூட்டியே போய்த் தரையில் இடம்பிடித்துவிடுங்கள்.